வடக்கே தலைமாடு

அத்தியாயம் 12

மூன்று நாளாகச் சின்னத்தாய்க்குத் தூக்கம் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்து வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்த கண்தான்; முழித்திருப்பது அதற்குப் புதுசில்லை. ஆனால் அங்கே காதுக்குள் ஊரே பேசிக்கொண்டிருக்கும். இங்கே பேசுவது ஒரே ஒரு மெஷின். அய்யாவின் நெஞ்சு துடிக்கிற துடிப்புக்கெல்லாம் பச்சைக் கோட்டை மேலே இழுத்துக் கீழே விட்டு, கூடவே ஒரு கீச் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் கேட்டால் எரிச்சல் வந்தது. கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தால் அந்த எரிச்சலே தேவலை என்று தோன்றியது.

போன வாரக் கதையை விட்டவர்களுக்காக நாலு வரி. ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானில் தன் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த மலையாண்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலே சாய்ந்துவிட்டார். "அறுபத்திரண்டு வயசாச்சு. போற உசுரு வீட்டுலயே போகட்டும்" என்றான் மூத்த மகன் கருத்தக்கண்ணன். லீவுக்கு வந்திருந்த மகள் சின்னத்தாய்தான் ஒரு வாடகைக் காரை மறித்து, அப்பனை அதில் கிடத்தி, ஆத்தாளையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்து, தல்லாகுளத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கார்க் கதவைச் சாத்தும்போது அண்ணன் ஒரு வார்த்தை சொன்னான்.

"ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, அது உன் தலையிலதேன் விடியும்."

இன்றைக்குப் புதன்கிழமை. இன்னும் எதுவும் விடியவில்லை.

காலை நாலரைக்கே அவள் வில்லாபுரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய், தலைக்கு ஊற்றி, பிள்ளைகளுக்குச் சோறு வடித்து வைத்து, புருஷனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடித்தாள். ஏழரைக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். முப்பத்தைந்து வயசில் கைப்பிடி தேடுகிறவள் இல்லை அவள். அசதி.

வார்டு வாசலில் அவள் ஆத்தா அழகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளாகச் செத்துக் கிடந்த அந்த முகத்தில் அன்றைக்கு என்னவோ ஒரு தெளிச்சி.

"ஏத்தா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"என்னாத்தா?"

"உங்கய்யாவ வடக்க தலைமாடு வச்சுல்ல படுக்கப் போட்டிருக்காக! மூணு நாளா! அந்த ரூம்புக்குள்ள வெளிச்சமே இல்ல, எனக்குத் திக்கே பிடிபடல. இன்னைக்கு வெடியக்காலம் ஒச்சாயி சன்னலத் தொறந்து விட்டா. பாத்தா, சூரியன் அவரு இடது கைப்பக்கம் எந்திரிக்குது. அப்பத்தேன் புத்தியில உறைச்சுச்சு. வடக்க தலை வச்சுக் கெடந்தா மனுசன் எப்படித்தா பொழைப்பாரு?"

ஒச்சாயி அந்த ஆஸ்பத்திரியில் ஆயா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. இரண்டே நாளில் அழகம்மாளுக்கு அவள் கூடப்பிறந்தவள் மாதிரி ஆகியிருந்தாள்.

"நானும் அவளும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சு, கட்டிலை அலாக்காத் தூக்கிக் கெழக்க திருப்பிட்டோம். அவரு கண்ணுகூட முழிக்கல."

"நர்ஸம்மா ஒண்ணுஞ் சொல்லலயா?"

"பக்கத்து ரூம்புல ஒரு சீவன் இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. அந்தம்மா விடியவிடிய அங்கயேதேன் நின்னுச்சு. பாவம், வீட்டுக்குப் போகையில இங்கிட்டு எட்டிப் பாக்கக்கூட அதுக்கு நேரமில்ல."

சின்னத்தாய் சத்தம் போட்டிருக்க வேண்டும். ஊசியும் குழாயும் மாட்டிக் கிடக்கிற மனுசனைக் கட்டிலோடு தூக்கினாயா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று நாளாக அந்த ஆத்தா செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி காய்ச்சக்கூட விடவில்லை அவளை. இப்போதுதான் புருஷனுக்காக ஏதோ ஒன்றைச் செய்த நிம்மதியில் நிற்கிறாள். அதைப் போட்டு உடைக்க மகளுக்கு மனசு வரவில்லை.

உள்ளதைச் சொன்னால், அவளுக்கும் ஒரு மூலையில் ஆறுதலாகத்தான் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் மெஷினோடு வேலை பார்ப்பவள்தான், இருந்தாலும் அவளும் ஒரு நாள்கூட வடக்கே தலை வைத்துப் படுத்தவள் இல்லை.

"சரித்தா, நல்லதுதேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மலையாண்டி கண்ணை மூடிக் கிடந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கழுத்தோரம் ஒரு ஊசி. அந்த ஊசியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, பக்கத்தில் நின்ற கம்பி ஸ்டாண்டில் செங்குத்தாக ஏறியது. குழாயோடு ஒட்டி ஒரு மர ஸ்கேல். அதில் சென்டிமீட்டர் கோடுகள்.

அந்த ஸ்கேலைப் பற்றி அவளுக்கு முதல் நாளே டாக்டர் லாசர் பாடம் நடத்தியிருந்தார். அவர் அப்படித்தான். நோயாளியின் வீட்டு ஆளுக்குப் புரிகிற வரைக்கும் விடமாட்டார்.

"உங்க அப்பாவோட இதயத்துல வலது பக்கம் அடி வாங்கிருச்சு. அதனால பிரஷர் இறங்கிப் போச்சு. அதை ஏத்தணும்னா சலைன் விடணும். கம்மியா விட்டா பிரஷர் ஏறாது, ரத்தம் கை காலுக்கும் கிட்னிக்கும் போய்ச் சேராது. ஜாஸ்தியா விட்டா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். எவ்வளவு விடலாம்னு இந்தக் குழாய்தான் நமக்குச் சொல்லும். இதுக்குள்ள நிக்கிற தண்ணி மட்டம்தான் இதயத்துக்கு வந்து சேர்ற ரத்தத்தோட அழுத்தம்."

அப்புறம் ஒரு மட்டப்பலகையை எடுத்தார். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, நடுக் கண்ணாடியில் காற்றுக்குமிழ் ஓடுமே, அதேதான். அதன் ஒரு முனையை மலையாண்டியின் விலாவில் மையால் போட்டிருந்த குறியில் வைத்தார். மறு முனையை ஸ்கேலில் இருந்த பூஜ்யத்துக்கு நேராகக் கொண்டுவந்து, குமிழ் நடுவில் நிற்கிற வரைக்கும் ஸ்கேலை ஏற்றி இறக்கினார். சரியாக நின்றதும் பிளாஸ்திரி போட்டு ஸ்கேலை ஸ்டாண்டோடு கட்டினார்.

"இந்தப் பூஜ்யமும் இதயமும் ஒரே மட்டம். அது தப்பினா எல்லாமே தப்பு," என்றார்.

திங்கட்கிழமை தண்ணி பன்னிரண்டில் நின்றது. செவ்வாய்க்கிழமை பதிமூன்று. இந்தப் புதன்கிழமை காலையில் டியூட்டிக்கு வந்திருந்தவள் சிஸ்டர் பிலோமினாள். இரண்டு நாள் லீவு முடிந்து அப்போதுதான் வந்தவள். இந்த அறையில் கட்டில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "ஸ்கேல் பூஜ்யத்துக்குக் கட்டியிருக்கு" என்று ராத்திரி நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பிலோமினாள் குழாயின் திருகைத் திருப்பிவிட்டுப் பார்த்தாள். தண்ணி இறங்கி இறங்கி நாலில் போய் நின்றது.

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். சார்ட்டைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது.

"நேத்து பதிமூணு, இன்னைக்கு நாலா?"

"ரெண்டு தடவை பார்த்தேன் டாக்டர். நாலுதான். பிரஷர் எண்பத்து நாலு. ராத்திரி யூரினும் கம்மி."

"உடம்பு வறண்டு போச்சு. ஒரு பாட்டில் வேகமா விடுங்க. அது முடிஞ்சதும் இன்னொண்ணு."

சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்கு ஓடினார். அங்கே இழுத்துக்கொண்டிருந்த அந்தச் சீவன் அப்போதுதான் அடங்கியிருந்தது.

முதல் பாட்டில் ஒன்பது மணிக்குள் இறங்கியது. இரண்டாவது பத்தே காலுக்கு. சின்னத்தாய் ஸ்டூலில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷர் தொண்ணூறு ஆனபோது சிஸ்டர் அவளைப் பார்த்துத் தலையாட்டினாள். சின்னத்தாய்க்கு அழுகை முட்டியது. வாசலுக்குப் போய், "ஏறுதுத்தா" என்றாள். "நாந்தேன் சொன்னேன்ல" என்றாள் அழகம்மாள்.

பத்தரைக்கு மலையாண்டி இருமினார்.

சும்மா ஒரு இருமல் என்றுதான் சிஸ்டரும் சின்னத்தாயும் நினைத்தார்கள். அடுத்தது அதைவிடப் பெரிசாக வந்தது. அப்புறம் மூச்சு வேகம் பிடித்தது. நெஞ்சுக்கூடு மேலும் கீழும் அலைந்தது. உதட்டோரம் லேசாக நுரை. மெஷினில் தொண்ணூறாக இருந்த துடிப்பு நூற்று இருபதைத் தாண்டியது.

டாக்டர் ஓடிவந்து முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வைத்தவர் நிமிர்ந்து ஸ்கேலைப் பார்த்தார். மறுபடி குனிந்து கேட்டார்.

"நுரையீரல் பூரா தண்ணிச் சத்தம். ஆனா ஸ்கேல் ஒன்பதுதான் காட்டுது. ஒன்பதுல எப்படித் தண்ணி கோக்கும்?" யாரையும் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். "குழாய் எங்கேயாவது அடைச்சிருக்கா பாருங்க சிஸ்டர். நீங்க வெளிய போய் உங்க வீட்ல யாருக்காவது சொல்லிவிடுங்கம்மா."

அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கீழே ஆபீஸ் போனில் தன் எக்ஸ்சேஞ்சுக்கே பேசி, கூட வேலை பார்க்கிறவளைக் கெஞ்சி, சோழவந்தானுக்கு லைன் வாங்கினாள். கொடிக்கால் சங்கத்தில் கருத்தக்கண்ணனைப் பிடித்து, "அண்ணே, அய்யாவுக்கு மூச்சுத் திணறுது. வா" என்றாள். மறுமுனையில் போனை வைக்கிற சத்தம்தான் கேட்டது.

திரும்பி வந்து ஸ்டூலில் விழுந்தாள். தலை சுற்றியது. மூன்று நாளாக அசதி தாங்காதபோதெல்லாம் செய்ததுபோல, நெற்றியைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொள்ளக் குனிந்தாள்.

விளிம்பு அங்கே இல்லை.

இன்னும் குனிய வேண்டியிருந்தது. நெற்றி போய்ப் பட்டபோது கழுத்து வலித்தது. இதே ஸ்டூல்தான். நேற்றுவரை முதுகு வளையாமல் தலை சாய்த்தவள். அய்யாவின் கை நேற்று அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. இன்று வயிற்றுக்கு நேராகக் கிடக்கிறது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நாலு மரக்கட்டைகள் ஒரு ஓரமாகத் தள்ளிக் கிடந்தன. அது பழைய குட்டைக் கட்டில் என்பதால், நர்ஸ்கள் குனிந்து அல்லாடாமல் இருக்க நாலு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்தியிருந்தார்கள். ஆத்தாவும் ஒச்சாயியும் கட்டிலைத் தூக்கித் திருப்பியபோது கால்கள் கட்டையிலிருந்து இறங்கிவிட்டன. ஆளோடு சேர்த்துத் திரும்பக் கட்டையில் ஏற்ற மூன்று பேரால் ஆகவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

கட்டில் இறங்கிவிட்டது. கட்டிலோடு அய்யாவின் நெஞ்சும் இறங்கிவிட்டது. ஸ்டாண்டில் பிளாஸ்திரி போட்ட ஸ்கேல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"சார்!" அவள் போட்ட சத்தத்தில் பிலோமினாள் கையிலிருந்த ஊசியைக் கீழே போட்டாள். "சார், மட்டம் தப்பு! கட்டில் இறங்கியிருக்கு! அடியில பாருங்க!"

டாக்டர் பார்த்தார். மட்டப்பலகையை எடுத்து விலாக் குறியில் வைத்தார். குமிழ் நடுவில் நின்றபோது, மறு முனை ஸ்கேலின் பூஜ்யத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே நின்றது.

"அப்ப ஒன்பதில்ல," என்றாள் பிலோமினாள். ஸ்கேலில் விரல் வைத்து எண்ணினாள். "பத்தொன்பது."

"காலையில நாலும் நாலில்லை. பதினாலு," என்றார் டாக்டர். "நிரம்பின குடத்துல ரெண்டு பாட்டில் ஊத்தியிருக்கோம். சலைனை நிறுத்துங்க. தலைப்பக்கம் தூக்குங்க. லாசிக்ஸ் ஊசி, சீக்கிரம்!"

அடுத்த பத்து நிமிஷம் அந்த அறையில் எல்லாருக்கும் நாலு கை முளைத்தது. ஊசி போட்டு, ஆக்ஸிஜனைக் கூட்டி, ஸ்கேலைப் புது மட்டத்துக்கு இறக்கிக் கட்டி முடித்தபிறகுதான் டாக்டர் லாசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"கட்டிலைத் திருப்பினது யாரு?"

வாசலில் ஒச்சாயி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேலை போய்விடும். அவள் தோளுக்குப் பின்னால் அழகம்மாளின் முகம் தெரிந்தது. என்ன நடந்தது என்று அவளுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. கட்டில் என்கிற வார்த்தை மட்டும் புரிந்து, கை நெஞ்சுக்குப் போயிருந்தது.

"நான்தான் சார்," என்றாள் சின்னத்தாய். "வடக்கே தலை இருந்துச்சு. நான்தான் திருப்பச் சொன்னேன்."

அது பொய் என்று பிலோமினாளுக்குத் தெரியும். அவள் ஏழு மணிக்கு வந்தபோதே கட்டில் இப்படித்தான் கிடந்தது; இந்தப் பெண் படியேறி வந்தது ஏழரைக்கு. சிஸ்டர் சார்ட்டில் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"படிச்சவங்கதானே நீங்க?" என்றார் டாக்டர். "உங்களுக்கு நான் பாடமே நடத்தினேனே அம்மா! கிழக்கே வைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே திருப்பி, மட்டம் பார்த்துக் கட்டியிருப்பேன்." அப்புறம் கொஞ்சம் தணிந்தார். "நாங்களும் ஒவ்வொரு தடவையும் மட்டம் வச்சுப் பார்த்திருக்கணும். அது எங்க தப்பு. இப்ப இந்த ஊசியில தண்ணி பிரியணும். அளவா பிரியணும். ஜாஸ்தியாப் பிரிஞ்சா பிரஷர் மறுபடி விழுந்துரும். சாயங்காலம் வரைக்கும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

பன்னிரண்டு மணிக்குக் கருத்தக்கண்ணன் வந்தான். கீழே ஒரு அம்பாசடர் நின்றது. பின் ஸீட்டில் பாய் விரித்திருந்தது. எதற்கு என்று யாரும் அவனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உசுரு இருக்கையிலேயே வீடு சேத்துருவோம்," என்றான், படியேறின மூச்சு வாங்க.

"அண்ணே, இப்ப அசைக்கக்கூடாது. ஊசி போட்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் பாப்போம்."

"நேத்துவரைக்கும் நல்லாத்தானடி இருந்தாரு? அதுக்குள்ள என்னா ஆச்சு?"

சொல்லாமல் தீராது. கட்டிலைத் திருப்பியதால் அளவு தப்பாகிவிட்டது, அதனால் சலைன் கூடிப்போனது என்று இரண்டு வரியில் சொன்னாள். "நான்தேன் திருப்பச் சொன்னேன்," என்று டாக்டரிடம் சொன்னதையே அண்ணனிடமும் சொன்னாள். ஒரு தடவை சொன்ன பொய் இரண்டாவது தடவைக்கு லேசாகத்தான் வந்தது.

கருத்தக்கண்ணன் சுவரில் ஓங்கிக் குத்தினான். "அன்னைக்கே சொன்னேன்! கேட்டியாடி நீ? மதுரை ஆஸ்பத்திரி, மெஷின்னு அப்பனைக் கொண்டாந்து போட்டு, கடைசியில உன் கையாலேயே..."

"அவளைப் பேசாதடா."

அழகம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"அவ அப்ப இங்க இல்லவே இல்ல. வில்லாபுரத்துல இருந்தா. நாந்தேன் திருப்புனேன். நாந்தேன் ஒச்சாயியக் கூப்பிட்டு, தூக்குடின்னு சொன்னேன். அவ எனக்காகப் பொய் சொல்றா."

கருத்தக்கண்ணன் கெட்டவன் இல்லை. இந்தக் கதையை இத்தனை வாரமாகப் படித்து வருகிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் மூன்று நாளாக அவனும் தூங்கவில்லை. தங்கச்சிமேல் எறிய எடுத்த கோபம் கையிலேயே இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல், எதிரில் நின்றவள்மேல் போட்டான்.

"நாப்பது வருசம் அவரு சோத்தைத் தின்னுட்டு, நீயா ஆத்தா அவரைக் கொல்லப் பாத்த?"

சொன்ன அடுத்த கணமே அவன் முகம் மாறியது. வார்த்தை வெளியே வந்துவிட்டது. சின்னத்தாய், "அண்ணே!" என்று கத்தினாள். அழகம்மாள் அழவில்லை. முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அப்போது பார்த்து உள்ளேயிருந்து சிஸ்டர் கூப்பிட்டாள். சின்னத்தாய் உள்ளே ஓடினாள். கருத்தக்கண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்க் காரில் சாய்ந்துகொண்டு பீடி பற்றவைத்தான்.

மத்தியானம் முழுக்க அறைக்குள் ஒரே வேலைதான். பிலோமினாள் கால் மணிக்கு ஒரு தரம் மட்டப்பலகை வைத்துப் பார்த்தாள். இனி அவள் ஆயுசுக்கும் மட்டம் பார்க்காமல் அந்த ஸ்கேலைப் படிக்கமாட்டாள். பத்தொன்பது, பதினேழாகி, பதினைந்து ஆனது. கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையில் மூத்திரம் இறங்க இறங்க, அதை அளந்து எழுதினாள். ஒரு மனுசனின் மூத்திரத்துக்காக இன்னொரு மனுசி இப்படிச் சாமி கும்பிடுவாளா என்று சின்னத்தாய்க்குச் சிரிப்புகூட வந்தது.

"கால் கட்டைவிரலைத் தொட்டுப் பாருங்க," என்றாள் சிஸ்டர். "அங்கே சூடு வந்துச்சுன்னா ரத்தம் கடைசிவரைக்கும் போய்ச் சேருதுன்னு அர்த்தம். எந்த மெஷினும் அதுக்கு அப்புறம்தான்."

சின்னத்தாய் அய்யாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கட்டைவிரலைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். மண்ணை மிதித்து மிதித்து வெடித்த விரல். வெகுநேரம் அது ஈரத்துணி மாதிரி சில்லென்றே இருந்தது. வெளியே ஆனி மாதக் காற்று சன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு தடவை கண் சொருகியது. தலை தொங்கி, திடுக்கிட்டு விழித்தாள். கைக்குள் இருந்த விரல் வெதுவெதுவென்று இருந்தது.

தன் கைச் சூடாக இருக்குமோ என்று மற்றக் காலைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும்தான்.

நாலு மணிக்கு மூச்சு சீராகியிருந்தது. ஸ்கேல் பதிமூன்றில் நின்றது. பிரஷர் நூறு. டாக்டர் முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, முதல் தடவையாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாண்டிட்டாரு. இன்னைக்கு ராத்திரி முக்கியம். இதயம் இப்ப புண்ணு மாதிரி இருக்கு. கோபம், அழுகை, பதட்டம், எதுவும் இவருக்கு ஆகாது. சந்தோஷமான சேதிகூட மெதுவாத்தான் சொல்லணும். புரியுதா?"

புரிந்தது. அவர் போன கொஞ்ச நேரத்தில் மலையாண்டி கண்ணைத் திறந்தார். மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"அய்யா," என்றாள் சின்னத்தாய். அவர் முகத்தருகே குனிந்தாள்.

"உங்காத்தா எங்கத்தா?"

ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவர் பேசிய முதல் பேச்சு.

"வெளியதேன் இருக்குய்யா. கூட்டியாரேன்."

ஓடாத குறையாக வெளியே வந்தாள். மத்தியானம் பேசின பேச்செல்லாம் இந்த ஒரு கேள்வியில் கரைந்துபோகும் என்று நினைத்தாள். ஆத்தாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அய்யாவின் பக்கத்தில் நிறுத்தினால் போதும்.

பெஞ்சில் யாரும் இல்லை.

தண்ணீர்க் குழாயடியில் இல்லை. மாடிப்படியில் இல்லை. ஒச்சாயி வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா எங்க ஒச்சாயிக்கா?"

"சொல்லிட்டுத்தானே போச்சு? ரெண்டு மணி இருக்கும். 'நான் பக்கத்துல இருந்தாத்தேன் அவருக்கு ஆகாது போலத்தா, ஊருக்குப் போறேன்'னுச்சு. உங்கிட்டச் சொல்லியிருக்கும்னுல்ல நெனச்சேன்!"

கீழே ஓடினாள். கருத்தக்கண்ணன் காரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பிச் சொன்னாள். அவன் உதடு கோணிக்கொண்டது. "நான் ஏதோ வாய்க்கு வந்ததை..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. டிரைவரைத் தட்டி எழுப்பி, "பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு விடுப்பா. வழியெல்லாம் பாத்துக்கிட்டே போ" என்றான். அப்பனை வீட்டுக்குக் கொண்டுபோக வந்த கார், விரித்த பாயோடு ஆத்தாளைத் தேடிப் போனது.

சின்னத்தாய் படியேறினாள். அறை வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னது காதில் இருந்தது. அன்றைக்கு மூன்றாவது பொய். முதல் இரண்டையும்விட இது கஷ்டமாக இருந்தது.

"கோயிலுக்குப் போயிருக்குய்யா. இங்கனக்குள்ளதேன், தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு. இப்ப வந்துரும்."

மலையாண்டி அவளையே பார்த்தார்.

"ஆரு கூடப் போனா?"

"தனியாத்தேன்."

"தனியாவா?" அவர் எழுந்திருக்கப் பார்ப்பதுபோலத் தலையை அசைத்தார். "மதுரைக்கு வந்தா எங்கையைப் பிடிக்காம ஒரு ரோட்டத் தாண்டமாட்டாளேத்தா அவ."

"வந்துரும்யா. நீங்க பேசாம இருங்க."

அவர் மகளின் முகத்தை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மெஷினின் கீச் நெருங்கி நெருங்கி வரத் தொடங்கியது. சின்னத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். எழுபத்தாறில் நின்ற துடிப்பு எண்பத்தெட்டு ஆகியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கத் தொண்ணூற்று நாலு. வாய் என்ன சொல்லித் தேற்றினாலும் அவர் நெஞ்சு அதை நம்பவில்லை.

சிஸ்டர் பிலோமினாள் வேகமாக வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தொண்ணூற்றெட்டு.

"இவருக்கு மருந்து இப்ப உங்க அம்மாதான்," என்றாள் தாழ்ந்த குரலில். "என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? போய்க் கூட்டிட்டு வாங்க."